ஹெப்சிபாவின் சக்திமான் லாரி

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் கொஞ்சம் தலையெடுத்தால் மனை வாங்குவார்கள். ஹெப்சிபா, ராணுவம் கழித்துப்போட்ட சக்திமான் லாரியை வாங்கினாள். ஓடாத லாரி. இன்னொரு லாரியில் கட்டி இழுத்துவந்து தறிக்கூடத்து வாசலில் விட்டார்கள். அவள் கணவர் ராஜரத்தினம் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏட்டி, இந்த ஊர்ல எல்லாரும் நாய் வளக்காக. நீ யானைய இழுத்துட்டு வந்திருக்கியே!"

ராஜரத்தினம் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவர். ஆராதனை முடிந்து அவர் வீடு வந்துசேர்வதற்குள் ஹெப்சிபா நைட்டி மேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போயிருப்பாள். கிளட்ச், பிரேக், ஒயரிங் எல்லாம் புதிதாகப் போட்டாள். பழைய ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட முடியாமல் பவர் ஸ்டியரிங் வைத்தாள். கனமானதைத் தூக்க மட்டும் மெக்கானிக் பேச்சிமுத்து வருவார். இஞ்சின் முதன்முதலாக உறுமியபோது தறிக்கூடமே வெளியே ஓடிவந்தது. ஹெவி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். வேலைக்குப் பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்தைச் சேர்த்துச் சேர்த்து இவ்வளவும் முடிய இரண்டு வருஷம் ஆனது.

பெயிண்ட்தான் உயிரை எடுத்தது. மீட்டர் பலகைக்குப் பின்னால் வெயில் படாத பழைய பச்சை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதே பச்சைதான் வேண்டும் என்று அந்தத் தகரத்தைக் கழற்றி அகமது கபீரின் பெயிண்ட் கடைக்கு எடுத்துப்போனாள். அவர் கலந்துகொடுப்பார், இவள் வீட்டில் தடவிக் காயவைத்துவிட்டு மறுநாள் திரும்பி வந்து நிற்பாள்.

"கறுப்பு கூடிப்போச்சு, பாய்."

"அக்கா, இந்தப் பச்சைக்காக என்னையப் பட்டாளத்துக்கே அனுப்பிருவிய போல!"

கடைசியில் கலந்த பச்சைக்கும் தகரத்துப் பச்சைக்கும் அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. வண்டி முழுக்கத் தன் கையாலேயே அடித்தாள்.

ஆனால் ராஜரத்தினத்தின் பொறுமை தீர்ந்திருந்தது. துணிக்கட்டு ஏற்ற வரும் வேன் வாசலில் நிற்க இடமில்லை.

"நம்பர் கெடைக்கலன்னா பழைய இரும்புக்காரன வரச் சொல்லிருவேன், பாத்துக்க."

"சரி," என்றாள் ஹெப்சிபா. தன் வேலை மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தற்காலிக நம்பரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவளே ஓட்டிப்போனாள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பிறகு தள்ளி நின்று வண்டியை முழுசாகப் பார்த்தார்.

"கலர்தாம்மா இடிக்குது. ராணுவ வண்டி தவிர வேற எதுக்கும் இந்தப் பச்சை அடிக்கக்கூடாது. சட்டம்."

"இது ராணுவ வண்டிதான, சார்?"

"இருந்துச்சு. இப்ப உங்க வண்டி. லேசா மாறியிருந்தாக்கூட வேற பச்சைன்னு விடலாம். இது அச்சு அசலா அதே பச்சை. கலர மாத்திட்டு வாங்க."

இரண்டு வருஷமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கிய பாராட்டு, போயும் போயும் இந்த இடத்தில் வந்து வாய்த்தது. திரும்பும் வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டு ஓட்டினாள். வீட்டு வாசலில் ராஜரத்தினம் போனைக் கையில் எடுத்ததும் அடக்கியதெல்லாம் கோபமாக வந்தது.

"கலரத்தான மாத்தச் சொன்னாவ? மாத்துதேன். அதுக்குள்ள இரும்புக்காரன் வந்தா அவன் மேலயே ஏத்திருவேன்!"

அன்றே உப்புத்தாளை எடுத்தாள். தான் பார்த்துப் பார்த்து அடித்த பச்சையைத் தானே தேய்த்தாள். தோள் கழன்று போகிற மாதிரி வலித்தது; நிறுத்தவில்லை. பேண்டேஜ் துணியின் வெள்ளையை அடிக்க ஆரம்பித்தாள்.

"யானைக்கு அடிபட்டு, கட்டுப் போட்ட மாதிரி இருக்கு," என்று ராஜரத்தினம் கிண்டல் செய்தார். ஆனால் இரும்புக்காரனைக் கூப்பிடவில்லை. அவள் தேய்க்கிறதைத் தறிக்கூடத்துக்குள் இருந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

பானட்டின் உள்பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. அவள் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு உப்புத்தாளோடு நெருங்கியபோது ராஜரத்தினம் வந்து கையைப் பிடித்தார்.

"அத விட்ருட்டி."

"தூக்கிப் பாப்பாவளே?"

"பாக்கட்டும். நான் பேசிக்கிடுதேன்."

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். வழியில் கீறல் விழுந்தால் தொட்டுவிடலாம் என்று வெள்ளைப் பெயிண்ட் டின்னையும் ராஜரத்தினம் எடுத்துவந்திருந்தார். இறங்கியவர் பதற்றத்தில் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் தூக்கினார். உள்ளே அந்தப் பச்சை.

"இங்க ஏன் அடிக்கல?"

ஹெப்சிபா வாயைத் திறப்பதற்குள் ராஜரத்தினம் முந்திக்கொண்டார்.

"பெயிண்ட் தீந்துபோச்சு, சார்."

இன்ஸ்பெக்டர் அவர் கையிலிருந்த டின்னைப் பார்த்தார். விலகியிருந்த மூடிக்கு அடியில் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பானட்டை மெதுவாக மூடிவிட்டு, "வெளிய வெள்ளைதான, போங்க," என்றார்.

நம்பர் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு ஓட்டிவரும்போது ஹெப்சிபா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜரத்தினத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பத்துக் கட்டளை சொல்லிக்குடுக்கவிய, இப்பிடிப் பொய் சொல்லிட்டியளே!"

ராஜரத்தினம் டின்னைக் காலுக்கடியில் தள்ளினார்.

"ஏட்டி, ரோட்டப் பாத்து ஓட்டு."