ஒளிந்து குடித்த தண்ணீர்

செருப்பைக் கழற்றி வெகுநேரம் ஆகியும், வார் பதிந்த தடம் என் கணவர் காலிலிருந்து மறையவில்லை. நாங்கள் கவனித்த முதல் அறிகுறி அதுதான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுவதால் வரும் வீக்கம் என்று நானே முடிவு செய்து தைலம் தேய்த்துவிட்டேன். ஒரு மாதம் தேய்த்தேன். இதைப் படிக்கும் யாராவது இப்போது அதையே செய்துகொண்டிருந்தால், தைலத்தை மூடி வைத்துவிட்டு முதலில் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. எங்கள் மகன் கவினுக்கு ஒன்று. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார்கள். மலேசியாவில் எங்கள் ஊரான ஆயர் தாவாரிலிருந்து வீட்டைக் காலி செய்து, சிகிச்சைக்காக ஈப்போ நகருக்கு வந்தோம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் (உடலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்பச் செலுத்துவது).

எல்லோரும் ஊசியைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். ஊசி பழகிவிடும். பழகாதது தாகம்.

"அண்ணே, ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். குழம்பு, ரசம், ஐஸ் கட்டி எல்லாம் அதுலயே சேர்த்தி," என்றார் டாக்டர். அவர் இளம் பெண், கண்டிப்பானவர்.

"ஈப்போ வெயிலுக்கு வேர்வைக்கே அது பத்தாதே, டாக்டர்," என்று இவர் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. சிறுநீர் நின்றுபோன உடம்பில், குடிக்கும் தண்ணீர் அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் அப்படியே தங்கும், நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும் என்று விளக்கினார்.

இரண்டாம் வருடம் ஆயர் தாவாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, நான் கவினைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போன நேரத்தில், சாலையோரக் கடையில் இரண்டு இளநீர் குடித்துவிட்டார். மறுநாள் காலையில் அவரால் படுக்க முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இளநீரில் இருக்கும் பொட்டாசியமும் (இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய தாது உப்பு) ஏறியிருந்தது. நான்கு நாள் வார்டில் இருந்தார்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போலீஸ் ஆனேன். சாப்பாட்டு மேசையிலிருந்து ஜக்கை எடுத்தேன். டம்ளர்களை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எனக்குத் தாகம் எடுத்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குடித்தேன். கவினையும் அங்கேயே இழுத்துப் போய்க் குடிக்கவைத்தேன். அவர் காதில் மடக்கென்ற சத்தம்கூட விழக்கூடாது. அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் அவரே கேட்டார். "சாந்தி, என் முன்னாலயே குடி லா. பாத்துக்கிட்டாச்சும் இருக்கேன்."

"பைத்தியமா உங்களுக்கு? அப்புறம் வேணும்னு கேப்பீங்க."

"கேக்க மாட்டேன். சும்மா பாக்குறேன்."

நான் எழுந்து போய்விட்டேன். பிறகும் இரண்டு முறை கேட்டார். கடைசியாகக் கேட்டது வார்டில். இதயம் பெரிதாகித் தளர்ந்திருந்தது. டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. இவர் கட்டிலருகே தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்திருந்தேன். மூடியைத் திறந்தேன், திரும்ப மூடினேன். வெளியே போய் லிப்ட் பக்கத்தில் நின்று குடித்தேன். இரண்டு நாள் கழித்து, டயாலிசிஸ் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவர் போய்விட்டார். முப்பத்தேழு வயது.

நான் அழவில்லை. என்னை யாரும் தைரியசாலி என்று சொல்ல வேண்டாம். மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். வீட்டு வாசலில் அவரைக் குளிப்பாட்டினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். "போதும், போதும், நிறுத்துங்க!" என்று கத்தினேன். துக்கம் தாங்காமல் கத்துகிறேன் என்று பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் நான் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அரை லிட்டர் எப்போதோ தாண்டியிருந்தது.

கவின் இந்த வருடம் பள்ளியில் முதலாம் ஆண்டு. போன மாதம் அவன் டீச்சர் போன் செய்தார். "கவின் அம்மாதானே? தப்பா நினைக்காதீங்க. புள்ள தண்ணி போத்தல எடுத்துக்கிட்டு டாய்லெட்டுக்குள்ள போயிடுறான். கதவச் சாத்திக்கிட்டு குடிக்கிறான். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான்."

அன்று பள்ளி விட்டு வந்தவனை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"மத்தவங்க முன்னால குடிக்கக்கூடாதுதானே, ம்மா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நம்ம வீட்ல அப்படித்தானே."

அவன் காலை ஆட்டிக்கொண்டே சொன்னான்: "அப்பா முன்னால மட்டும் குடிக்கலாம்."

"என்னது?"

"நீங்க குளிக்கப் போவீங்கல்ல, அப்ப அப்பா கேப்பாரு. குடிச்சுக் காட்டுன்னு. மெதுவா குடின்னு சொல்வாரு. அம்மாகிட்ட சொல்லாதே, ஏசுவாங்கன்னாரு."

"அப்பா கேட்டாரா? தனக்கும் வேணும்னு?"

"இல்ல. நான் குடிக்கிறப்ப அப்பா இப்படிச் செய்வாரு." அவன் முகத்தை உயர்த்தி, வெறும் வாயோடு விழுங்கிக் காட்டினான். அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. அவர் தொண்டை அப்படித்தான் ஏறி இறங்கும்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைமேல் பொறாமை. பிறகு நிம்மதியாகவும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான். அது இந்த வீட்டிலேயே அவருக்குக் கிடைத்திருக்கிறது. கொடுத்தது நானில்லை.

டயாலிசிஸ் நோயாளியோடு வாழ்பவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். அளவை மீறாதீர்கள். ஆனால் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கடைசிவரை காதுகொடுத்துக் கேளுங்கள்.

இன்னும் எனக்கு வாரத்தில் அவருக்கு டயாலிசிஸ் இருந்த மூன்று நாள்தான் நாள். மற்றவை இடைவெளி. இன்னும் தாகம் எடுத்தால் கால் தானாகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போகிறது. போன பிறகு ஞாபகம் வந்து, டம்ளரோடு கூடத்துக்குத் திரும்புகிறேன். கவினுக்கு எதிரே உட்கார்ந்து குடிக்கிறேன். முதல் வாய் உள்ளே இறங்க மறுக்கும்.

"மெதுவா குடிங்க, ம்மா," என்கிறான் அவன். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான்.