ஞானஜோதியின் ஊக்குச் சரம்

பெரும்பாக்கம் குடியிருப்பில் வசிக்கும் ஞானஜோதிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குரோம்பேட்டையில் மின்ரயில் ஏறி ஊக்கும் சீப்பும் விற்றுவந்தார். ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இயக்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அறிவியல் மட்டும் அவரை இரண்டு முறை கைவிட்டிருந்தது.

மூன்றாம் முறை, அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு நான் போனேன். மழையளவைப் பதிவு செய்தே ஓய்வு பெற்றவன் நான், வேதியியல் தெரியாது. அதுவே தகுதி என்றார்கள். சொன்னதை மட்டும் எழுத வேண்டும்.

பாடங்களைப் போனில் பதிந்து கேட்ட அவர், வேதியியல் வாய்பாடுகளை மட்டும் ஊக்குகளால் கற்றிருந்தார். இணைதிறனுக்கு ஏற்ப அலுமினியத்துக்கு மூன்று ஊக்கு, சல்பேட்டுக்கு இரண்டு. ஒன்றோடு ஒன்றை மாட்டினால் ஓர் ஊக்கு மிஞ்சும். இரண்டு அலுமினியமும் மூன்று சல்பேட்டும் எடுத்தால் இருபுறமும் ஆறு, எதுவும் மிஞ்சாது.

தேர்வறைக் கண்காணிப்பாளர் ஞானஜோதியின் வளையலில் தொங்கிய ஊக்குச் சரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது, பிட்டா?"

"ஊக்கு சார். வூட்டுக்கு ஒரு அட்டை வாங்கிக்கினு போங்க."

அவர் சிரித்தார். ஆனாலும் சரத்தைக் கழற்றச் சொல்லி மேசைமேல் வைத்துவிட்டார்.

பேரியம் குளோரைடும் அலுமினியம் சல்பேட்டும் சேரும் வினைக்குச் சமன்பாடு கேட்டிருந்தார்கள். ஞானஜோதி ஒவ்வோர் எண்ணாக, ஒவ்வோர் அடைப்புக்குறியாகச் சொன்னார். எழுதினேன்:

BaCl₂ + Al₂(SO₄)₃ → 3BaSO₄ + 2AlCl₃

படித்துக் காட்டினேன்.

"நில்லுங்க சார்."

வெறும் மணிக்கட்டைத் தடவினார். இல்லாத ஊக்குகளை விரல்களால் ஒவ்வொன்றாக மாட்டினார், கழற்றினார்.

"அந்தாண்ட பேரியம் மூணு கீது. இந்தாண்ட ஒண்ணுதான். மீதி ரெண்டும் ரயிலேறியா வரும்? பேரியம் குளோரைடுக்கு முன்னால மூணு போடுங்க. பெருசா. கீழ போட்டா அது வேற சரக்காயிடும்."

3BaCl₂ என்று திருத்தினேன்.

"இப்ப குளோரின் இங்க ஆறு, அங்க ஆறு. சரியா பூட்டுச்சு."

அந்த அணுக்களை அறையில் இருந்த எவரும் கண்ணால் கண்டதில்லை. தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சென்ற மாதம் மருத்துவரின் நேரம் கேட்க அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

"வணக்கம், யார்கிட்ட பேசணும்?"

தெரிந்த குரல். என் பெயரைச் சொன்னேன்.

"அட, நம்ம சாரா! லைன்லயே இருங்க. உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் கீறாங்க."

காத்திருந்தேன்.