சுகம் எழுதாத கார்டு

பிள்ளைகளே, அது யுத்த காலம். நான் திருத்தணி ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்தேன். உங்கள் அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, சென்னையில் ஹாஸ்டலில் தங்கி இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் கார்டு வரும். நான் ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் முதல் வரியை எழுத்துக்கூட்டாமல் படிப்பேன். அது என்றைக்கும் மாறாது. ‘இவ்விடம் நான் சுகம். அவ்விடம் யாவர் சுகத்துக்கும் பதில் போடவும்.’

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்த கார்டில் ‘இவ்விடம்’ என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு மைப்பொட்டு. அப்புறம் ‘அவ்விடம்’ தொடங்கிவிட்டது.

“அவசரத்துல வுட்டிருப்பான்” என்றேன்.

“அவசரத்துல எழுதறவன் கை தானா எழுதறதே அதாங்க. போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள் உங்கள் அம்மா.

மூன்று நாள் லீவு சொல்லி, அரக்கோணத்தில் வண்டி மாறிப் போனேன். ஹாஸ்டல் அறையில் மாமா டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“எங்கடா பயணம்?”

“தெரியல பாவா. எந்த வண்டி கெடைக்குதோ அது. தூக்கமே இல்லாம முழிச்சிகினு கெடக்கறேன். படிச்சது ஒண்ணும் நிக்கல. ஃபெயிலாயிட்டு அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். முந்தின நாளிலிருந்து இல்லையாம். காபி கிளப்புக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன். பிறகு, “எந்தப் பாடம் நிக்கல? எனக்குச் சொல்லு” என்றேன்.

“இங்கிலீஷ்ல கீது. உனக்கு இன்னா புரியும்?”

“புரியலன்னா போவுது. பரீட்ச எனக்கா?”

அவர் அறையிலேயே தங்கினேன். முதல் நாள் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுத்தார். மறுநாள் நீராவியைப் பற்றிய பாடம். “எங்க இன்ஜின்ல உஸ்ஸுங்குதே, அதானே?” என்று கேட்டேன். “ஆங், அதான் பாவா” என்றவர், சுவரில் கரித்துண்டால் படமே போட்டுவிட்டார். சரித்திரப் பாடத்தில் நான் குறட்டை விட்டேன். “வாத்தியார் சொன்னா நான் தூங்குவேன். நான் சொன்னா நீ தூங்கறே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள் பெட்டிக் கயிறு என் வேட்டி காயும் கொடியாகிவிட்டது.

கிளம்பும்போது, “ஃபெயிலானா ஸ்டேஷனுக்கு வா. மூட்ட தூக்க ஆள் பத்தல” என்றேன்.

“நீ மூட்ட தூக்கறத வுட மூச்சு வுடறதுதான் அதிகம்.”

அடுத்த சனிக்கிழமை கார்டு வந்தது. ‘இவ்விடம் நான் அரைவாசி சுகம்.’ உங்கள் அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

இப்போது நீங்கள் ஹாஸ்டலிலிருந்து எழுதும் கார்டுகளில் எப்போதும் முழுச் சுகமாகவே இருக்கிறது. அரைவாசியானாலும் அப்படியே எழுதுங்கள்.

மாமாவுக்கு அந்த வருஷம் ஒரு பாடம் போயிற்று; அடுத்த தடவை எழுதித் தேறினார். ஃபெயிலான செய்தியோடு நம் வீட்டுக்கு வந்த அன்று வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். உங்கள் அம்மா தோசைக் கல்லிலிருந்து தலையைத் திருப்பி, “இன்னா நைனா, அங்கியே நின்னுகினு? கை கழுவிகினு வா, ஆறிடும்” என்றாள்.