இடது பொத்தான்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள், என் மச்சானின் வலது கையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் ஆலைச் சங்கு ஊதித்தான் பொழுது விடியும். ஆலைகள் மூடிய பிறகு பாதிப் பேர் காலை ரயிலைப் பிடித்துப் பெருநகரத்துக்கு வேலைக்கு ஓடுகிறார்கள். மீதிப் பேர் இங்கே முளைத்த கடைகளில் நிற்கிறோம். நான் வேலை பார்க்கும் வணிக வளாகம், இரும்புத் தகடு அடிக்கும் ஆலை இருந்த இடம். மேலே கண்ணாடியும் பளிங்கும். கீழ்த்தளத்தில் மட்டும் ஆலையின் அதே கறுத்த தரை. எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கு போகாது.

காலி அட்டைப் பெட்டிகளை இயந்திரத்தில் நசுக்கிக் கட்டுவது என் வேலை. வலமும் இடமுமாக இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து இரும்புப் பலகை இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

இடது பொத்தானை நான் அழுத்தி டேப் ஒட்டிவிடுவேன். ஒரு கை மிச்சம். ஆறரை மணி ரயிலில் திரும்புகிற கூட்டம் கடைக்குள் நுழைவதற்குள் கீழ்த்தளம் காலியாக வேண்டுமே!

மச்சான், என் மனைவியின் அண்ணன். என் வயதுதான். சேர்ந்து நான்காம் நாள். அவன் அப்பா, அதாவது என் மாமனார், அந்த ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர். மகனுக்கு வேலை கிடைத்த அன்று, "கீழ்த்தளத்துலயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

அந்த நான்காம் நாள் மாலை 5.40. டேப்பைக் காணோம். யாரோ உரித்து, நாலாக மடித்து, இயந்திரத்தின் மேல் வைத்திருந்தார்கள்.

"மச்சான், நீயா மடிச்ச?"

"துணி மடிச்சுப் பழகினவன் நீதான்டா. என் தங்கச்சி உனக்குக் குடுத்த ட்ரெயினிங் அப்படி!"

சிரித்தேன். மறுபடி ஒட்டினேன். பிரவுன் டேப். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5.52. டக்… டக்… டக்…

எங்கள் இயந்திரம் முனகிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். இது வேகமாகக் கேட்டது. தரைக்கு அடியிலிருந்து. தண்ணீர் பாட்டிலில் வளையம் வளையமாக அலை.

"மேல ஏதோ துளை போடுறாங்க," என்றான் மச்சான். குரலில் சிரிப்பு இல்லை.

5.57. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு கைத்தடம். ஈர எண்ணெய். கட்டைவிரல் இருந்தது. சுண்டுவிரல் இருந்தது. நடுவில் மூன்றும் இல்லை.

"உன் கையக் காட்டு."

காட்டினான். ஐந்தும் இருந்தன. சுத்தமாக.

"மேல போயிடலாம்டா…"

"ஒரே ஒரு கட்டு. முடிச்சிட்டுப் போலாம்."

நான்தான் சொன்னேன்.

உள்ளே சிக்கிய பெட்டியை இழுக்க, அவன் வலது கையை விட்டான். நான் ஆறடி தள்ளி நின்றேன்.

6.00. சங்கு ஊதியது.

எங்கள் ஊரில் சங்கு நின்று பத்தொன்பது வருடம் ஆகிறது.

வலது பொத்தான்… தானாக உள்ளே போனது.

பலகை முனகவில்லை. டக்.

அலறல் ஒரு நொடி கழித்துத்தான் வந்தது.

இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். நிற்கவில்லை. ஏறியது. இறங்கியது. டக். ரத்தம் என் முகத்தில் அடித்தது.

இடுப்பைப் பிடித்து இழுத்தேன். உள்ளிருந்தும் இழுத்தார்கள். அவன் தோள்மூட்டு கழன்றது. சத்தம் கேட்டது.

என் மணிக்கட்டில் ஒரு பிடி.

இரண்டே விரல்.

குனிந்து கடித்தேன். பல்லெல்லாம் எண்ணெய்…

விட்டது.

ஆட்கள் ஓடிவரும் சத்தம். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். இடது பொத்தானின் டேப்பை உரித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன். "மெஷின் கோளாறு சார்," என்றேன்.

மூன்று விரல்கள் போயின. நடு மூன்று. எடுத்து வந்தால் தைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அட்டைக் கட்டு முழுவதையும் பிரித்துத் தேடினார்கள். ரத்தம் இருந்தது. விரல்கள் இல்லை.

மறுநாள் காலை 7.10. ஆஸ்பத்திரி வராந்தா. மனசு கேட்காமல் மாமனாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பைக்குள் கைவிட்டு டேப்பை எடுத்தேன்.

நான் ஒட்டியது பிரவுன் டேப்.

கையில் வந்தது கறுப்புத் துணி டேப். எண்ணெயில் ஊறி, நாலாக மடிந்து…

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆலையிலயும் இடது பொத்தானத்தான் ஒட்டச் சொன்னேன், மாப்பிள்ள. ஆறு மணி சங்கு ஊதுற நேரம். எனக்குக் கீழ வேல பாத்த பையன் ஒருத்தன் கை நசுங்கி, நடு மூணு விரலும் போச்சு. ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள உயிரும் போச்சு. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி நான்தான் டேப்ப உரிச்சு, நாலா மடிச்சு எடுத்துட்டேன்…"

என் கையில் இருந்ததைத் தொடாமல் பார்த்தார்.

"இத அன்னைக்கே எரிச்சிட்டேனே…"