பூம்பாறைப் பசுவின் நான்காவது காம்பு

கடந்த டிசம்பரில், மழை விட்ட வாரத்தில், பூம்பாறையின் பூண்டு வயல்களைப் பார்க்கக் கிளம்பினேன். பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். காலை 6.10 பேருந்து, மூன்று மணி நேரம், எழுபத்தைந்து ரூபாய். வளைவுகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

கல்லூரித் தோழி மலர்விழி கொடைக்கானலில் கால்நடை மருத்துவர். அவள் வண்டியில் பூம்பாறைக்கு முக்கால் மணி நேரம். “அங்க ஒரு மாடு பார்க்கணும், பத்தே நிமிஷம்” என்றாள். மருத்துவர்களின் பத்து நிமிடத்தை அறிந்தவன் என்பதால் பிஸ்கட் வாங்கிக்கொண்டேன்.

பாண்டியம்மாளும் கணவர் சுப்பையாவும் பூண்டு விவசாயிகள். மூன்று பசுக்கள். அவற்றில் செந்நிறச் செவலைக்கு முந்திய மாதம் கோமாரி வந்து, வாய்ப்புண்ணும் கால்புண்ணும் ஆறியிருந்தன. இப்போது மடியில் ஒரு பக்கம் கல்லாக வீங்கியிருந்தது. அதை விற்றுவிட, சுப்பையா மாட்டு வியாபாரியைச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். பாண்டியம்மாளுக்கு அதில் சம்மதமில்லை. அன்று வியாழன்.

“சீக்குதான் போயிருச்சே டாக்டரம்மா. இது என்ன புதுச் சோலி?” என்றார் சுப்பையா.

மலர்விழி நான்கு குழியுள்ள தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பால் பீய்ச்சி, ஊதா மருந்தை ஊற்றிச் சுழற்றினாள். மூன்று குழிகளில் பால் தண்ணீராக ஆடியது. நான்காவதில் நுங்கு போலத் திரண்டது.

“கெட்டுப்போன பாலுன்னு நெனைக்காதீங்கண்ணே. கிருமியோட சண்டைக்குப் போன வெள்ளணுக்கள் இதெல்லாம். மருந்து பட்டதும் ஒடஞ்சு தெரண்டிருக்கு. கோமாரி போறப்ப ஒடம்போட எதிர்ப்புச் சக்தியக் கொறச்சு, காம்புலயும் புண்ண வச்சுட்டுப் போயிருச்சு. தரையில எப்பவும் கெடக்கிற கிருமி அந்த வழியா ஏறிருச்சு.”

கைக்கடக்கமான இடத்தில் ஒரு போர். அதற்கு மேலே மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் பிஸ்கட்டை மறந்துவிட்டேன்.

“எதை மொதல்ல கறக்குறீங்கக்கா?” என்று கேட்டாள் மலர்விழி.

“செவலையத்தான்” என்றார் பாண்டியம்மாள். “வலியோட நிக்கிறத விட்டுட்டு மத்ததக் கறக்க மனசு வருமா?”

“எனக்குச் சோறு கடைசி, மாட்டுக்கு எல்லாம் மொதல்ல” என்றார் சுப்பையா.

“ஒங்களுக்கென்ன, நல்லாத்தான இருக்கீங்க.”

“அதே கையால மத்த ரெண்டுக்கும் கிருமியக் கொண்டுபோறீங்கக்கா. இனிமே செவலை கடைசி. கறந்ததும் தீவனம் வைங்க. காம்போட வாய் நல்லா மூட அரைமணி ஆகும். அதுவரைக்கும் படுக்க விடாதீங்க” என்றபடி செவலைக்கு முதல் ஊசியைப் போட்டாள் மலர்விழி.

நாற்பது வருடமாகப் பால் குடிக்கிறேன். அதற்கு ஒரு கதவு இருப்பதும், அது தானாக மூடுவதும் அன்றுதான் தெரிந்தது.

அன்றே திரும்புவதாக இருந்தவன் கொடைக்கானலில் இரண்டு இரவு தங்கினேன். அறை நாளுக்கு 1,400 ரூபாய், வெந்நீர் காலை ஏழு முதல் ஒன்பது வரை. ஏரியைப் பார்க்கத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

உங்களுக்கு ஒரு யோசனை. பூம்பாறையில் எந்தக் கொட்டகைக்குள் போனாலும், போகும்போதும் வரும்போதும் செருப்பைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் நனையுங்கள். கோமாரிக் கிருமிக்கு நம் கால்தான் இலவசப் பேருந்து. மாட்டோடு படம் எடுப்பவர்கள் வெளியே நின்றே எடுக்கலாம், மாடு கோபித்துக்கொள்ளாது.

சனிக்கிழமை காலை 8.20. மறுபடி தட்டு. நான்காவது குழியில் பால் கொஞ்சம் கெட்டிதான். ஆனால் ஆடியது. “இன்னும் ரெண்டு நாள் ஊசி போடணும், உறுதியாச் சொல்ல முடியாது” என்றாள் மலர்விழி.

சுப்பையா கைப்பேசியை எடுத்து வியாபாரியிடம் பேசினார்.

“வண்டி வேணாம்ங்க. வெலை பத்தலன்னு இல்லைங்க. அது இன்னும் சண்டை போட்டுக்கிட்டு நிக்குது. நடுவுல புடிச்சு எப்படி ஏத்துறது?”