ஒரு ‘ஓம்’ சொன்ன பாவம்

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு!

"என்ன பாவம் செய்தனீங்கள்?"

"உண்மை சொல்லிப்போட்டன், பாதர்."

மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். சிரிப்பை அடக்கியிருப்பார்.

விஷயம் இதுதான். தங்கூசி வலைக்கு எதிராக இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்? கண்ணுக்குத் தெரியாத நைலோன் வலை. குஞ்சு மீனையும் விடாது. சட்டப்படி தடை. கத்தியது சரிதான். இன்றைக்கும் கத்துவேன்.

இரண்டு மாதத்துக்கு முதல் ஓலைத்தொடுவாய்க் கரையில் மீன் வாங்க நின்றேன். கடற்றொழில் அதிகாரி வந்து இறங்கினார். மணலில் கிடந்த தங்கூசி வலையைக் காலால் தட்டினார்.

"இது ஆரின்ரை வலை?"

கரையில் நின்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்கள்தானே இதுக்கு எதிரா எழுதுறனீங்கள். சொல்லுங்கோ, றோசலின்ரையோ?"

றோசலின் பத்தடி தள்ளி நின்றாள். புருசன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். தம்பியின் வள்ளத்தில் அந்த ஒரு வலையைப் போட்டுத்தான் சீவியம். எல்லாம் எனக்குத் தெரியும். ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால் எழுதுகிற ஆளல்லவா... திமிர்!

"ஓம்" என்றேன்.

வலை போய்விட்டது. அதே வலையைப் பெரிய வள்ளங்களில் வைத்திருப்பவர்கள் அன்று பின்னேரமும் கடலுக்குப் போனார்கள். அவர்கள் பெயரை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

றோசலின் இப்போது விடியவே பஸ் ஏறி, நண்டுக் கொம்பனியில் கோது உடைத்துச் சதை எடுக்கப் போகிறாள். போன கிழமை பஸ் தரிப்பிடத்தில் எதிர்ப்பட்டாள்.

"மீனுக்கோ வந்தனீங்கள் அண்ணை? என்னட்டை மீன் இல்லை. உண்மைதான் கிடக்கு — ரெண்டு கிலோ நிறுக்கட்டோ?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அவள் ஏசவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் பாதரிடம் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாதர் சொன்னார்: "உண்மை சொன்னது பாவமில்லையே. நான் எதை மன்னிக்கிறது?"

அதுதானே பிரச்சினை! அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால், பாதர் பரிகாரமாகத் தரும் மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடிந்திருக்கும்.