நான் ஏறாத பஸ்

பொய் எழுதினேன். பஸ்ஸில் போய்ப் பார்த்தேன் என்று எழுதினேன்... அந்த பஸ்ஸில் நான் ஏறவே இல்லை!

வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் இருப்பவர்கள் பலசரக்குக் கடைக்குக் காரில் போய்வருவதையும் பஸ்ஸில் போய்வருவதையும் ஒப்பிடுவதுதான் அலுவலகத்தில் எனக்குத் தந்த வேலை. பஸ் பயணம் கஷ்டம் என்று நான் எழுதினால், சாமான் விற்கும் லொறி ஊருக்கே வரும். நான் காரில் சுகமாகப் போய்வந்தேன். பஸ்ஸுக்கு நேர அட்டவணையைப் பார்த்தேன். 'பஸ் போதும்' என்று எழுதிமுடித்தேன். லொறி வேறு ஊருக்குப் போய்விட்டது.

அட்டவணையில் இல்லாததைத் தவமணி அக்காதான் பிறகு சொன்னார். நான் காரில் போன அன்று எனக்குத் தண்ணீர் தந்தவர். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். மழைக்காலத்தில் மாலை பஸ் ஊருக்குள் வராதாம். சந்தியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுமாம். அங்கிருந்து வயல் வட்டைக்கு நடுவே நடை. யானை வரும் பாதை அது. தலையிலோ அரிசிப் பை!

அரிசி மணத்துக்கு யானை வரும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் இருந்தவளுக்கு என்ன தெரியும்?

போன கிழமை அது வந்தே விட்டது. அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"பையப் போட்டுட்டு ஓடிட்டன் புள்ள. அது என்னத் துரத்தல்ல. நிண்டு அரிசியத் திண்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறை அவர் பையைப் போடாவிட்டால்...? போட நேரமே இல்லாவிட்டால்? அந்தப் பிள்ளைகளின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

மழை இருட்டினால் இப்போது நானே அவருக்குப் போன் எடுக்கிறேன், வீடு சேர்ந்துவிட்டாரா என்று. அதைப் பாசம் என்று நினைக்கிறார். பாசமா? பயம்! வேறொன்றுமில்லை. உண்மையைச் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் எடுக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

இன்றும் மழை. சற்றுமுன் எடுத்தேன். பஸ்ஸுக்குள் இருந்தார்.

"அரிசியச் சந்திக் கடையில வச்சிட்டுப் போங்க அக்கா."

"வச்சிட்டுப் போனா, ராவைக்குப் புள்ளைகளுக்கு என்னத்தச் சமைக்கிற?"

போனை வைத்துவிட்டேன்.

முற்றத்தில் கார் நிற்கிறது. அதன் திறப்பு என் கையில் இருக்கிறது. சந்திக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடலாம். நீங்களும் அதைத்தானே கேட்கிறீர்கள்? கார்க் கதவைத் திறந்தும்விட்டேன்... ஆனால் அந்த வட்டைப் பாதையில், இந்த இருட்டில், காரில் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது.